வள்ளியின் கழுத்தைப் பார்த்த முருகன்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கால் நீட்ட வேண்டியவங்க தாராளமா நீட்டிக்குங்க, முட்டி வலிக்கிறவங்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்குங்க. முட்டியைப் பற்றிய கதை இது, அதனால் யாரையும் மடக்கி உட்கார வைக்க எனக்கு மனசு வராது. பெண் பார்க்கப் போன ஒரு முருகன், பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்ற கதையைச் சொல்லப் போகிறேன். எந்தப் புராணத்திலும் தேடாதீங்க. நம்ம பினாங்கில், கைப்பேசியும் கையுமாக நாம் எல்லாரும் அலைகிற இந்தக் காலத்தில் நடந்தது.

டத்தோ கிராமாட் பக்கம் ஓர் அடுக்குமாடி இருக்கிறது. அங்கே லிப்ட்டுக்கு மனசு வந்தால் ஓடும், வராவிட்டால் எல்லாரும் படியேற வேண்டியதுதான். அந்த மாடியில் லோகேஸ்வரி என்று ஒரு பெண். நாற்பதைத் தொடப் போகிற வயசு, தனி ஆள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் காலில் சலங்கை, சுற்றிலும் நாட்டியம் கற்கிற பிள்ளைகள். பரதநாட்டியம் அவளுக்குப் பொழுதுபோக்கு இல்லை. மூச்சு என்று சொன்னால் அவளே சிரிப்பாள், ஆனால் மறுக்க மாட்டாள்.

அவள் பேர் வாங்கியது அரைமண்டியில். முட்டிகளை இரண்டு பக்கமும் விரித்து, முதுகு வளையாமல், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருக்கிற நிலை அது. பரதத்தில் வீடு என்றால் அதுதான். எங்கே குதித்துப் போனாலும், எங்கே சுற்றிப் போனாலும் அங்கேதான் திரும்பி வர வேண்டும். லோகேஸ்வரி அரைமண்டியில் இருக்கும்போது தலையில் தண்ணீர் நிறைந்த சொம்பை வைத்தாலும் ஒரு சொட்டுத் ததும்பாது என்று பேசிக்கொள்வார்கள்.

அந்த வீட்டுக்குள்தான் இப்போது அவளால் போக முடியவில்லை.

வலது முட்டி தேய்ந்துவிட்டது. “நடக்கலாம், நிற்கலாம், கையை ஆட்டலாம். உட்கார்ந்து எழும்புறதை மட்டும் விட்டுடுங்க,” என்று டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். லோகேஸ்வரி தலையாட்டிவிட்டு வந்து, இதை ஒரே ஓர் ஆளிடம் சொன்னாள். பக்கத்து வீட்டு மஹ்பூபா. மலாய்ப் பெண்கள் உடுத்துகிற பாஜு கூரோங்கிலிருந்து நாட்டிய உடுப்புவரை எல்லாம் தைக்கிறவள். லோகேஸ்வரியின் இடுப்பளவு ஏறியதும் இறங்கியதும் அவளுக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

“நவமணி அக்காகிட்ட சொல்லிடு லோகா,” என்றாள் மஹ்பூபா, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே.

“சொன்னா என்ன ஆகும் தெரியுமா? தட்டிக் கேட்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க. ஓரமா நாற்காலி போட்டு, கையில தாளத்தைக் கொடுத்து, ‘நீ இங்க உட்காரும்மா’ம்பாங்க. தே தாரிக்னு நுரை பொங்க டீ வாங்கிக் கொடுப்பாங்க. அதோட சரி. அதுக்கப்புறம் நான் மேடையில நிக்கவே முடியாது.”

நவமணி அக்காதான் அந்த நாட்டியக் குழுவுக்குத் தலைவி. பாடுவது, தாளம் தட்டுவது, கதை அமைப்பது எல்லாம் அவரே. வெடுக்கென்று பேசுவார், ஆனால் வெல்லக்கட்டி மனசு. இடுப்பு வலி என்று சொன்ன இன்னொரு பெண்ணை அவர் அப்படித்தான் பூப்போலப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் பிறகு ஆடவே இல்லை. அந்த அன்பை நினைத்துத்தான் லோகேஸ்வரிக்குப் பயம்.

பங்குனி உத்திரம் நெருங்கியது. தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்து மண்டபம் ஒன்றில் வள்ளி கதையை ஆட வேண்டும். லோகேஸ்வரிதான் வள்ளி. முருகனாக ஆட வேண்டிய பையன் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். முருகன் இல்லாமல் வள்ளி யாரைக் கல்யாணம் செய்வது? நவமணி அக்கா தலையில் கைவைத்து உட்காரவில்லை; கடலுக்கு அந்தப் பக்கம் ஜுருவுக்குப் போனார்.

ஜுருவில் ஒரு கார்ப் பட்டறை. இடிபட்ட காரைத் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடிக்கிற மோகனராஜ் அங்கே வேலை செய்தான். வயசு நாற்பதைத் தாண்டி, கொஞ்சம் தொந்தியும் தாண்டியவன். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயசு கடந்து போனதை அவன் கவனிக்கவில்லை. அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு: பொம்மலாட்டம். கும்பகோணத்துப் பக்கமிருந்து ஒரு குழு இங்கே வந்து ஆடியபோது அவர்களுக்குப் பெட்டி தூக்கி, பின்னாலேயே சுற்றிக் கற்றுக்கொண்டவன். பள்ளி விழாக்களில் பொம்மை ஆட்டுவான். பிள்ளைகள் அவனை விட மாட்டார்கள்.

“அக்கா, பொம்மையும் மனுஷியும் ஒரே மேடையிலயா? யாராச்சும் சிரிச்சா?” என்றாள் லோகேஸ்வரி.

“சிரிக்கட்டும். வள்ளி கதையில சிரிப்புத்தானே பாதி,” என்றார் நவமணி அக்கா. “பொம்மையும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து ஆடுற மாதிரி ஒரு கதை சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. பையன் ஓடிப்போனதும் நல்லதுக்குத்தான்.”

முதல் ஒத்திகைக்கு மோகனராஜ், இதற்காகவே செய்த முருகனை எப்படிக் கொண்டு வந்தான் தெரியுமா? சாரோங் துணியில் சுற்றி, காரின் முன் இருக்கையில் உட்கார வைத்து, சீட் பெல்ட் போட்டு, பாலத்தைத் தாண்டிக் கூட்டி வந்தான். துணியை விலக்கியதும் எல்லார் கண்ணும் கூசியது.

“என்னங்கண்ணே, முருகன் இப்படிப் பளபளங்கிறாரு?” என்றாள் லோகேஸ்வரி.

“கார் பெயிண்ட் லா டீச்சர். மேல கிளியர் கோட்டும் அடிச்சிருக்கேன். வெயில், மழை, காக்கா எச்சம், எதுக்கும் அசைய மாட்டாரு.”

“சாமிக்கு ஸ்ப்ரேயா?” நவமணி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஏங்கக்கா, புதுக் காரு எடுத்தா நேரா கோயிலுக்குத்தானே கொண்டு போறோம்? எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசை போடுற அதே கார் பெயிண்ட்தான் இது.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொம்மை இலேசான பூலாய் மரத்தில் செதுக்கியது. நின்றால் ஒரு பெரிய பிள்ளை உயரம். அதை ஆட்டுகிற முறையைச் சொல்கிறேன், கேளுங்க. ஆட்டுகிறவன் தலையில் துணி சுற்றிய ஒரு வளையத்தை மாட்டிக்கொள்வான். அந்த வளையத்திலிருந்து கயிறுகள் இறங்கிப் பொம்மையின் தலையையும் தோளையும் பிடித்திருக்கும். பொம்மையின் கைகளுக்கு இரண்டு கம்பிகள். அவை அவன் கையில். அவன் தலையசைத்தால் பொம்மை தலையசைக்கும், அவன் நடந்தால் பொம்மை நடக்கும். மரக்காலில் சலங்கை கட்டினால் சத்தம் சரியாக வராது, அதனால் சலங்கையை அவன் காலில் கட்டிக்கொள்வான். பொம்மை ஆடும், காலடி அவனுடையது. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, முகத்துக்கு மெல்லிய கறுப்புத் துணி போட்டுப் பின்னால் நின்றால் கொஞ்ச நேரத்தில் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவன் இல்லாமலே போய்விடுவான்.

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. முருகன் கிழவன் வேஷத்தில் பொய்த்தாடியோடு தள்ளாடி வந்தார், தேனும் தினைமாவும் கேட்டார், விக்கினார், தண்ணீர் கேட்டார். லோகேஸ்வரி ஆடுகிறவள் என்பதை மறந்து நிஜமாகவே சிரித்துவிட்டாள். அப்புறம் தாடி கழன்று விழுகிற இடம் வந்தது. ஒரு நூலை இழுத்தால் தாடி விழும், முருகன் முருகனாக நிற்பார், வள்ளியும் அவரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தாடி விழுந்தது. லோகேஸ்வரி கண்ணை உயர்த்தினாள். முருகன் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடுப்பு அளவெடுக்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த மஹ்பூபாதான் முதலில் வாய்விட்டாள். “ஏன்ணே, உங்க மாப்பிள்ளை பொண்ணு பார்க்க வந்தாரா, நகைக்கடைக்கு வந்தாரா? அட்டிகையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்கிறாரு!”

“எங்க கடைக்குக் கூட்டிட்டு வாங்கண்ணே, கண்ணு டெஸ்ட் பண்ணிப் பார்த்திடலாம்,” என்றாள் லோகேஸ்வரியும்.

மோகனராஜுக்கு முகமெல்லாம் வேர்வை. கயிற்றைக் கட்டிப் பார்த்தான், அவிழ்த்துப் பார்த்தான். தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் பொம்மையின் முகம் நிமிர்ந்தது. ஆனால் பொம்மையின் மொத்த எடையும் அந்தக் கயிற்றில்தானே தொங்குகிறது, கூடவே காலும் தரையை விட்டு எழும்பியது. “முருகா, பறக்கிற வேலை மயிலோடது,” என்றாள் மஹ்பூபா.

“கண்ணு மணியைக் கொஞ்சம் மேல தள்ளி வரைஞ்சிடேன் தம்பி,” என்றார் நவமணி அக்கா.

“அது மட்டும் முடியாதுக்கா.” அவன் குரல் தாழ்ந்தது. “கண்ணு கடைசியாத்தான் வரையணும். காலையில குளிச்சிட்டு, சூடம் காட்டி, கண்ணாடியை எதிர்ல வச்சுத் திறக்கணும். திறந்த கண்ணை மறுபடியும் தொடக்கூடாதுன்னு அந்தக் குழுவில சொல்லிக் கொடுத்திருக்காங்க. தொட்டா அது வேற ஆளு.”

“அப்ப திறக்கிறதுக்கு முன்னாடி அளவு பார்த்திருக்கணும்ல? யாரை மனசில வச்சுத் திறந்தே?”

“டீச்சரைத்தான்.” சொல்லிவிட்டுக் கயிற்றைச் சிக்கெடுப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

“என் உயரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் லோகேஸ்வரி.

“நவராத்திரியில பார்த்திருக்கேன். பொங்கல் விழாவில பார்த்திருக்கேன். பின் வரிசையில உட்காருவேன்... எல்லா வருஷமும்.”

“அப்ப நான் உங்களுக்கு இவ்வளவு குட்டையாவா தெரிஞ்சேன்?”

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. அவன் அவளை மேடையில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். மேடையில் அவள் எப்போது நிமிர்ந்து நின்றாள்? நின்ற லோகேஸ்வரியை அவனுக்குத் தெரியாது. அரைமண்டியில் இருக்கிற லோகேஸ்வரியின் முகத்துக்கு நேராக, ஒரு மயிரிழை பிசகாமல், அவன் அந்தக் கண்ணைத் திறந்திருந்தான்.

நவமணி அக்காவுக்கும் புரிந்தது. “அட, அவ்வளவுதானா! லோகா, அரைமண்டியில உட்காரு. தீர்ந்துச்சு பிரச்சினை.”

இதுவரை லோகேஸ்வரி சாமர்த்தியமாகத் தப்பித்து வந்தாள். ஆட்டம் அமைக்கும்போதே, “வள்ளி காட்டுல வளர்ந்த பொண்ணுக்கா, நிமிர்ந்து நடக்கிறவ, அரைமண்டி வேணாம்,” என்று சொல்லி எல்லாவற்றையும் நின்ற ஆட்டமாக மாற்றியிருந்தாள். இப்போது எல்லாரும் பார்க்கிறார்கள். மஹ்பூபா மட்டும் கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்கிறாள்.

லோகேஸ்வரி உட்கார்ந்தாள்.

முருகனின் கண் அவள் கண்ணில் வந்து நின்றது. மரமும் பெயிண்ட்டும்தானே என்று இருந்தவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ முருகன்களோடு ஆடியிருக்கிறாள்; ஒருவரும் அவளை இப்படிப் பார்த்ததில்லை. அடுத்த கணம் முட்டிக்குள் யாரோ ஆணி இறக்கினார்கள். தூணைப் பிடித்து எழுந்தாள். “போன் அடிக்குது,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். போன் அடிக்கவில்லை. அது அவள் பையில், மோகனராஜின் காலடியில், சும்மா கிடந்தது.

அவன் வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பையை வாசல் பக்கம் எடுத்து வைத்தான்.

தாடி விழுகிற இடத்தை மட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று லோகேஸ்வரி ஒத்திகையில் தள்ளிக்கொண்டே போனாள். அடுத்த வாரங்களில் வேறு சில விஷயங்களும் நடந்தன. மண்டபத்தில் படி இல்லாத பக்கவாசலை அவன் திறந்து வைக்க ஆரம்பித்தான். முருகனைத் தூக்கி வர வசதியாம். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி வந்தது. வளையம் வைக்க இடம் வேண்டுமாம். வளையம் அதில் ஒருநாளும் உட்காரவில்லை, லோகேஸ்வரிதான் உட்கார்ந்தாள். ஒத்திகை முடிந்ததும் ஜுருவிலிருந்து பொட்டலம் கட்டி வந்த மீ கோரெங் நூடுல்ஸைப் பிரித்து வைப்பான். அவள் அவனை “அண்ணே” என்று கூப்பிடுவதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. மஹ்பூபாவுக்குத் தெரியும். அவள் அதைத் தையல் ஊசி மாதிரி வாயில் கவ்விக்கொண்டு சும்மா இருந்தாள்.

இன்னொன்றும் நடந்தது. மோகனராஜ் காலை அகட்டி அகட்டி நடக்க ஆரம்பித்தான்.

“என்னண்ணே, நடை வாத்து மாதிரி இருக்கு?” என்றாள் மஹ்பூபா.

“பட்டறையில கால் பிடிச்சுக்கிச்சு லா,” என்றான்.

பங்குனி உத்திரம் வந்தது. மலையில் காலையிலிருந்து கூட்டம். மண்டபத்தில் மாலையில் விளக்கேற்றினார்கள். உடுப்பு மாற்றும் அறையில் லோகேஸ்வரிக்குச் சலங்கை கட்டிவிட்டுக்கொண்டிருந்த மஹ்பூபாவின் கையை அவள் பிடித்தாள்.

“தாடி விழுற இடத்தில நான் அரைமண்டியில உட்காரப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு? முட்டி போயிடும்!”

“போகட்டும். நின்னேன்னா அவரு என் கழுத்தைப் பார்ப்பாரு, கூட்டம் சிரிக்கும், கதை செத்துப் போகும். அன்னிக்கு ஒரு தடவை அந்தக் கண்ணு என்னைப் பார்த்திச்சு மஹ்பூ. அது இன்னொரு தடவை வேணும். அப்புறம் தாளம் போடுறேன், தே தாரிக் குடிக்கிறேன், யாரு என்ன சொன்னாலும் கேட்கிறேன்.”

“விழுந்தேன்னா?”

“விழுந்தா மேடையில விழுறேன்.”

மஹ்பூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சலங்கையை இன்னும் இறுக்கிக் கட்டினாள். வேறு என்ன செய்வாள்?

ஆட்டம் தொடங்கியது. நவமணி அக்காவின் குரல் அன்றைக்குத் தேன்தான். வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டினாள். கையில் கவணும் கல்லும் இல்லாமலே ஜனங்கள் தலையைக் குனிந்து கல்லுக்கு விலகினார்கள். கிழவர் வந்தார். பிள்ளைகள் கைதட்டி விழுந்து சிரித்தார்கள். கிழவர் விக்கியபோது முன்வரிசையில் ஒரு பாப்பா எழுந்து தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டியது. லோகேஸ்வரி மேடையிலிருந்தே கையால் அதை வாங்குவதுபோல் வாங்கிக் கிழவருக்குப் புகட்டினாள். அது ஒத்திகையில் இல்லாதது.

அப்புறம் அந்த இடம் வந்தது. தாளம் நிதானமாகி, பாட்டு நின்று, தாடி கழன்று விழுந்தது.

லோகேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டிகளை விரித்தாள். இறங்கத் தொடங்கினாள். ஆணி தயாராக இருந்தது.

அப்போது எதிரிலிருந்து ஒரு சலங்கைச் சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம் இல்லை, குதிக்கிற சத்தமும் இல்லை. மெதுவாக, மணி மணியாக, மேலிருந்து கீழே இறங்குகிற சத்தம். அவள் பாதியில் நின்றுவிட்டாள்.

முருகன் இறங்கிக்கொண்டிருந்தார்.

பின்னால் கறுப்புத் துணிக்குள் மோகனராஜ், முட்டிகளை இரு பக்கமும் விரித்து, முதுகு வளையாமல், தொந்தியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அரைமண்டிக்கு இறங்கினான். அங்கே நிற்காமல் இன்னும் இறங்கி முழுசாக உட்கார்ந்தான். அவன் இறங்க இறங்கப் பொம்மையின் கால்கள் மடிந்தன. முருகன் வள்ளியின் முன்னால் தரையில் மண்டியிட்டார். எடை முழுக்கத் தரைக்குப் போய்விட்டது, கயிறு இலேசாகிவிட்டது. இப்போது மோகனராஜ் தலையைப் பின்னுக்குச் சாய்த்தான். பொம்மையின் முகம் மெல்ல, மெல்ல, யாரோ தாடையைத் தொட்டு உயர்த்தியது மாதிரி நிமிர்ந்தது. கழுத்தைத் தாண்டியது, தாடையைத் தாண்டியது, மேலே நின்றிருந்த அவள் கண்ணில் வந்து நின்றது.

முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

நவமணி அக்கா தாளத்தோடு பாதி எழுந்துவிட்டார். சாமி மண்டியிடலாமா? யாராவது எழுந்து சண்டைக்கு வந்தால்? ஆனால் பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் எழும்பியது: “வேல்! வேல்!” அதைப் பிடித்துக்கொண்டு மண்டபமே “வேல்! வேல்!” என்றது. பெண்ணைக் கேட்டு வந்தவர் பணிந்து கேட்பதில் என்ன தப்பு என்று ஜனங்களுக்கு அவரவர் வீட்டு ஞாபகமே சொல்லியிருக்கும்.

லோகேஸ்வரி நிமிர்ந்து நின்றாள். இறங்க வேண்டிய தேவை இல்லை. இத்தனை வருஷம் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த முகம் அவளுக்கு. அன்றைக்கு அது முழுசாக மேடைக்கு வந்தது. முதலில் திகைத்தாள். வெட்கப்பட்டாள். அக்கம்பக்கம் மான்களும் மயில்களும் பார்க்கின்றன என்று கையால் சொன்னாள். எழுந்திருங்கள் என்று விரலசைத்தாள்.

முருகன் எழவில்லை.

மறுபடியும் விரலசைத்தாள், கெஞ்சினாள், இடுப்பில் கைவைத்துக் கோபித்தாள். முருகன் அசையவில்லை. ஜனங்கள் சிரித்தார்கள், என்ன பிடிவாதம் பார் இந்த மாப்பிள்ளைக்கு!

அப்போதுதான் கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு முனகல் அவளுக்கு மட்டும் கேட்டது. “டீச்சர்... உட்கார்ந்திட்டேன். எந்திரிக்க முடியல.”

அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அதையும் வள்ளியின் சிரிப்பாக்கிக்கொண்டாள். ஓர் அடி முன்னால் வந்து, பொம்மையின் கையையும் அதைப் பிடித்திருந்த அவன் கையையும் சேர்த்துப் பிடித்து, நல்ல காலில் எடையை ஊன்றி இழுத்தாள். முருகனும் எழுந்தார், மோகனராஜும் எழுந்தான். நவமணி அக்கா கல்யாணப் பாட்டை எடுத்தார். மண்டபம் எழுந்து நின்று பூ வீசியது.

ஆட்டம் முடிந்து திரை விழுந்ததும் லோகேஸ்வரி வளையத்துக்காக வைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மோகனராஜ் தரையில் காலை நீட்டிச் சரிந்தான்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டாள்.

“முதல் நாளே. தலையில வளையம் இருக்கிறப்ப என்னால குனிஞ்சு பார்க்க முடியாது. எதிர்ல ஆடுறவங்க காலைக் காதாலதான் பார்ப்பேன். உங்க வலது சலங்கை கொஞ்சம் பிந்தி விழுந்திச்சு. இத்தனை வருஷத்தில அது பிந்தினதே இல்ல.”

“ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லலையே. சொல்ற வரைக்கும் காத்திருப்போம்னு நினைச்சேன். அதுவரைக்கும் பட்டறையில காருக்குப் பின்னால நின்னு அரைமண்டி பழகினேன். முதலாளி எனக்கு வயித்துவலின்னு நினைச்சு மருந்தெல்லாம் வாங்கிக் கொடுத்தாரு.” கொஞ்சம் தயங்கினான். “உட்கார மட்டும்தான் பழகினேன். எந்திரிக்கப் பழகல. அது ஞாபகத்துக்கே வரல.”

தாளத்தைக் கையில் வைத்தபடியே பின்னால் நவமணி அக்கா நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டது. லோகேஸ்வரி அந்தத் தாளத்தைப் பார்த்தாள்.

“எனக்குக் கோபம்,” என்றார் அக்கா. “முட்டிக்காக இல்லடி. என்கிட்ட மறைச்சியே.”

“சொல்லியிருந்தா தாளத்தைக் கையில கொடுத்து உட்கார வச்சிருப்பீங்கக்கா.”

அக்கா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. “வச்சிருப்பேன்தான்,” என்றார். பிறகு தாளத்தை உறையில் போட்டுத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டார். “இது என்கிட்டயே இருக்கட்டும். வர்ற வருஷமும் நீதான் வள்ளி. நிக்கிறது உன் வேலை, உட்கார்றது மோகனோட வேலை. தம்பி, அதுக்குள்ள எந்திரிக்கவும் பழகிக்க.”

“எதுக்குக்கா பழகணும்? தூக்கிவிடத்தான் ஆள் இருக்கே,” என்றாள் மஹ்பூபா. “லோகா, ஒண்ணு கேட்கிறேன். இவரை அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தியே, அது எங்க போச்சு?”

லோகேஸ்வரி குனிந்து சலங்கையை அவிழ்க்கத் தொடங்கினாள். மோகனராஜ் மறுபடியும் இல்லாத சிக்கை எடுக்கக் கயிற்றுக்குள் குனிந்தான்.

முருகனுக்கு உடுப்பு தைத்து மிஞ்சிய பட்டில் மஹ்பூபா மோகனராஜுக்கு மாப்பிள்ளைத் துண்டு தைத்தாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்த காரில் முன் இருக்கை முருகனுக்கு. சீட் பெல்ட்டும் உண்டு. மாப்பிள்ளை பின்னால்தான் உட்கார்ந்து வந்தார். இன்றைக்கும் டத்தோ கிராமாட்டில் அந்த வீட்டுக் கூடத்துக்குப் போனால் பார்க்கலாம். மோகனராஜ் சுவரில் ஒரு பலகை அடித்து அதன்மேல் முருகனை நிற்க வைத்திருக்கிறான். பலகை அடித்த அன்று, உயரம் சரியா என்று பார்க்க லோகேஸ்வரியை எதிரில் நிற்கச் சொல்லி, ஏற்றி, இறக்கி, அவளைப் பொறுமையிழக்க வைத்துவிட்டான். இப்போது அவள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், அந்தக் கண் நேராக அவள் முகத்தில் வந்து நிற்கும்.

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. பார்த்து எழுந்திருங்க, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிச்சுக்குங்க. உங்க வீட்டுப் படிகள் உங்க முட்டிக்குச் சுலபமாக இருக்கட்டும். உங்க வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு முகத்தையும் யாராவது ஒருத்தர் நேருக்கு நேர் பார்க்கட்டும். உங்க அடுப்பு சூடாகவும் மனசு குளிர்ச்சியாகவும் இருக்கட்டும். வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டால் அது நல்ல சேதியாகவே இருக்கட்டும். தண்ணீர்மலையில் நிற்கிறவன் உங்க பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்ற உங்களுக்கும் எப்போதும் துணையிருப்பான்.